பிரிக்பீல்ட்ஸின் அரங்குகள்: ஒரு கலை நாட்காட்டியின் வரலாறு

கோலாலம்பூரின் மைய ரயில் நிலையத்தை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஆண்டின் எந்தப் பருவத்தில் எந்த விழா வரும், எந்த மேடை நிரம்பும் என்பது அங்குப் பழகிய தமிழருக்கு மனப்பாடம். தையில் பூசத்தை ஒட்டிய நேர்த்திக்கடன்கள், மே மாதத்தில் பௌத்தர்களின் விசாக ஊர்வலம், புரட்டாசியில் நவராத்திரி இரவுகளின் பாட்டும் ஆட்டமும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தெருவை அடைத்து நிற்கும் சந்தைக் கடைகள், இவற்றின் இடைவெளிகளில் அரங்கேற்றங்களும் நாட்டிய நாடகங்களும் கச்சேரிகளும் என்று அமைந்த இந்த ஆண்டு ஒழுங்கு, 2010இல் அரசு அவ்வட்டாரத்துக்கு ‘லிட்டில் இந்தியா’ என்று பெயர் சூட்டுவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே உருவாகத் தொடங்கிவிட்டது. அதை உருவாக்கியவர்கள் அரசவைப் புரவலர்களோ பெருவணிகர்களோ அல்லர். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் மாதச் சம்பளம் பெற்ற நடுத்தர ஊழியர்கள். ஆகவே இந்நாட்காட்டியின் வரலாற்றை எழுதுவதென்றால், கலைஞர்களின் பெயர்ப் பட்டியலைக் காட்டிலும், நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தது, மண்டபத்தை யார் கட்டினார்கள், செலவுக்கான பணம் எவ்வாறு திரண்டது என்னும் வினாக்களிலிருந்து தொடங்குவதே பொருந்தும்.

1881ஆம் ஆண்டில் ஒரு பெருந்தீயும் ஒரு வெள்ளமும், மரத்தாலும் அத்தாப்பு எனப்படும் ஓலைக் கூரையாலும் ஆகியிருந்த கோலாலம்பூரை அழித்தன. அதற்கு அடுத்த ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் நிர்வாகத்தை நடத்திய அதிகாரியாக, பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், நகரத்துக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். நகரின் தெற்கே களிமண் வளமிக்க தாழ்நிலத்தில் செங்கற்சூளைகள் எழுந்தன. கோலாலம்பூரின் கடைசிக் கப்பித்தானான யாப் குவான் செங் அத்தொழிலில் முதன்மையானவராக இருந்தார். கப்பித்தான் என்பது சீனச் சமூகத்தின் தலைவருக்கு வழங்கிய பட்டம். சூளைகள் விரைவில் மறைந்தன, அவை தந்த பெயர் மட்டும் வட்டாரத்தில் தங்கிற்று. 1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் குடாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டதும், 1896இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தலைநகராகக் கோலாலம்பூர் ஆனதும், இந்தத் தாழ்நிலத்தின் பயனை முற்றிலும் மாற்றின. சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ரயில் முற்றமும், அதைச் சுற்றி ஊழியர் குடியிருப்புகளும் அங்கே அமைந்தன.

அக்குடியிருப்புகளில் வந்து தங்கியவர்கள் ஒரே வகையினராக இருக்கவில்லை. பாதை போடவும் நிலக்கரி அள்ளவும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் ஒருபுறம் இருக்க, மலாயாத் தமிழில் கிராணி எனப்பட்ட எழுத்தர்களாகவும், நிலைய அதிபர்களாகவும், நிலஅளவைத் துறை, பொதுப்பணித் துறை ஊழியர்களாகவும் வந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர் மிகுதி. யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனரிகள் நிறுவிய பள்ளிகளும், அவற்றுக்கு மறுமொழியாக ஆறுமுக நாவலரின் வழியில் எழுந்த சைவப் பள்ளிகளும் ஒரு தலைமுறையைப் படிக்க வைத்திருந்தன. அவர்களுள் ஆங்கிலம் கற்றவர்களுக்கு ஏற்ற வேலை இலங்கையில் போதாதிருந்த காலத்தில் மலாயா நிர்வாகத்துக்கு அத்தகையோர் தேவைப்பட்டனர். அவர்களோடு சிங்களவரும் மலையாளிகளும் யூரேசியரும் சேர்ந்து வாழ்ந்தனர். ஜாலான் ரொசாரியோவை ஒட்டி வரிசையாக நின்று, ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்று மக்கள் அழைத்த அரசு ஊழியர் வீடுகள் இந்த உலகின் நன்கறியப்பட்ட அடையாளம். பணிக்காலம் முடிந்ததும் ஒழித்துக் கொடுக்க வேண்டிய வீடுகள் அவை என்பது நினைவில் வைக்கத்தக்கது, ஏனெனில் நூறாண்டுக்குப் பின் நிகழ்ந்தவற்றுக்கு இதுவே காரணமாயிற்று.

வாடகை வீட்டில் இருந்தவர்கள் தமக்கென வீடு கட்டுவதற்கு முன்பே பொதுவுக்கெனக் கட்டடங்கள் கட்டினார்கள் என்பது இவ்வட்டாரத்தின் பெருமைகளுள் முதன்மையானது. சிங்களப் பௌத்தர்கள் 1894இல் சாசன அபிவிருத்தி வர்த்தன சங்கத்தை அமைத்து, இன்று மகா விகாரை எனப்படும் கோயிலை எழுப்பினர். அங்கிருந்து புறப்படும் விசாக ஊர்வலம், விளக்கேற்றிய ஊர்திகளோடு நகரத் தெருக்களைச் சுற்றிவருகையில், சிங்களவரோடு சீனப் பௌத்தர்களும் பல்லாயிரவராகக் கலந்துகொள்ளும் நகர விழாவாக வளர்ந்துள்ளது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் இலங்கைச் சைவர்கள் தம் சங்கத்தின் வழியே ஸ்காட் சாலையில் ஸ்ரீ கந்தசுவாமி கோயிலை நிறுவினர். 1904இல் விவேகானந்த ஆசிரமம் தோன்றிற்று. 1893இல் சிகாகோவுக்குச் செல்லும் வழியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கப்பல் நின்று சென்ற விவேகானந்தருக்குக் கோலாலம்பூரோடு நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அவர் பெயரால் தொடங்கிய ஆசிரமம் படிப்பகமாகவும் சொற்பொழிவு மண்டபமாகவும் பள்ளிகளை நடத்தும் அமைப்பாகவும் விரிந்தது.

கந்தசுவாமி கோயிலைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் கோயில் என்பது அக்காலத்தில் வழிபாட்டிடம் என்பதோடு, இசைக்கான முதல் அரங்காகவும் இருந்தது. பெயரிலேயே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை நினைவூட்டும் இக்கோயில் யாழ்ப்பாணத்து வழிபாட்டு முறையைக் கடல் கடந்தும் கைவிடாமல் காத்துவந்திருக்கிறது. கொடியேற்றத்தில் தொடங்கி, நாள்தோறும் வெவ்வேறு வாகனங்களில் சுவாமி வீதிவலம் வந்து, தேரிலும் தீர்த்தத்திலும் நிறைவுறும் ஆண்டுப் பெருவிழாவே யாழ்ப்பாணக் கோயில்களின் ஒழுங்கு. அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குடும்பமோ குழுவோ உபயகாரராக, அதாவது அந்நாளின் செலவை ஏற்பவராக, அமையும். நாதசுரமும் தவிலும் இல்லாமல் இவ்விழா நடவாது. யாழ்ப்பாணமோ தவிலுக்குப் பேர்போன மண். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைத் தமிழகமே தலையில் வைத்துக் கொண்டாடியது. ஊரில் நள்ளிரவு வரை மேளக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள், கோலாலம்பூரிலும் அதே தரத்தை எதிர்பார்த்தார்கள். ஆகவே ஓர் ஆண்டின் எந்த நாளில் நல்ல இசை கேட்கக் கிடைக்கும் என்பதைப் பல காலம் முடிவு செய்தது பஞ்சாங்கமே.

பஞ்சாங்கத்தைச் சாராத இன்னொரு நாட்காட்டி சபாக்களால் உண்டாயிற்று. சபா என்பது, சந்தா செலுத்தும் உறுப்பினர்களைக் கொண்டு, செயற்குழு ஒன்றைத் தேர்ந்து, கச்சேரிகளையும் வகுப்புகளையும் நடத்தும் சங்கம். தமிழகத்தில் அரசர், ஜமீன்தார், மடம், கோயில் ஆகிய பழைய புரவலர்கள் தளர்ந்த காலத்தில் சென்னை நகரத்து வழக்கறிஞர்களும் அலுவலர்களும் இம்முறையை வளர்த்தனர். மியூசிக் அகாடமி 1928இல் தோன்றியது. ஏறத்தாழ அதே காலத்தில், 1920களில், கோலாலம்பூரின் யாழ்ப்பாணத் தமிழர்களும் சங்கீத அபிவிருத்தி சபாவை அமைத்தனர் என்பது மலாயாவைக் கலையில் பின்தங்கிய தேசமாகக் கருதுவோர் கவனிக்கத் தக்கது. மாதச் சம்பளம் உறுதியாக வரும் குடியிருப்பில்தான் மாதச் சந்தாவும் உறுதியாக வரும். பிரிக்பீல்ட்ஸில் அது வந்தது. அலுவலகம் விட்டு நடந்தே வீடு சேர்ந்து, குளித்து, மீண்டும் நடந்தே மண்டபம் சேரக்கூடிய தொலைவில் கேட்போர் இருந்தனர். வாய்ப்பாட்டும் வீணையும் மிருதங்கமும் கற்கும் பிள்ளைகள் அவ்வீடுகளில் இருந்தனர். அவர்கள் கற்று முடித்துச் சபையோர் முன் முதன்முறை தனியே நிகழ்த்தும் அரங்கேற்றம், திருமணத்துக்கு நிகரான குடும்ப நிகழ்வாகவும் வட்டாரத்தின் பொது நிகழ்வாகவும் ஒருசேர அமைந்தது.

ஆயினும் இதுவே மலாயாத் தமிழரின் கலை வாழ்க்கை முழுவதும் என்று எழுதினால் அது பெரும் பிழையாகும். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையோர் ரப்பர்த் தோட்டங்களில் இருந்தனர். அவர்களின் கலை நாட்காட்டி தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைச் சுற்றி அமைந்திருந்தது. காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை, கரகம், உறுமி மேளம் ஆகியவை லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளின் முன்னுள்ள திடலில் விடிய விடிய நடந்தன. இக்கலைகளைக் கிராணி வர்க்கம் பெரும்பாலும் தன் மண்டபங்களுக்குள் அனுமதிக்கவில்லை. இரு உலகங்களுக்கும் இடையிலிருந்த தொலைவு எவ்வளவு கசப்பானது என்பதை 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தங்கள் காட்டின. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு, வெள்ளை அதிகாரிகளையும் கிராணிகளையும் கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும், கள்ளுக் கடைகளை மூடுவதும் இடம்பெற்றன. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படைகள் வரவழைக்கப்பட்டன, தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கர்நாடக இசையின் மண்டபமும் கூத்தின் திடலும் ஒரே மொழி பேசிய மக்களுடையவையாயினும், அவற்றுக்கு நடுவே இந்தச் சைக்கிள் வழக்கமும் நின்றது என்பதை மறைத்துவிட்டு எழுதப்படும் பண்பாட்டு வரலாறு நேர்மையானதாக இராது.

இரு உலகங்களையும் ஒரே மேடையில் நிறுத்த முயன்ற முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது தமிழர் திருநாள். சிங்கப்பூரில் 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952இல் தைப் பொங்கலைச் சமய வேறுபாடற்ற தமிழர் பண்பாட்டு விழாவாகக் கொண்டாட அழைத்தார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியாரின் பயணம் விதைத்த சீர்திருத்த உணர்வின் தொடர்ச்சி இதில் தெளிவாகத் தெரிகிறது. பேச்சு, கட்டுரை, நாடகம், இசை ஆகியவற்றில் போட்டிகளோடு மலாயா எங்கும் இவ்விழா பரவிற்று. நிகழ்ச்சிகளை அறிவிக்கும் பணியை நாளிதழ்கள் ஏற்றன: 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நிற்கும்வரை, எந்த மண்டபத்தில் எந்நாள் என்ன நடக்கவிருக்கிறது என்பதை அறிய மக்கள் நாடிய இடங்களுள் ஒன்றாக இருந்தது. வானொலியின் தமிழ்ப் பிரிவும் மேடைக் கலைஞர்களுக்கு ஊதியமும் பெயரும் தந்தது. 1966 ஏப்ரலில் சேவியர் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது, பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிறிது தொலைவிலேயே அமைந்த மலாயாப் பல்கலைக்கழகம் உலகத் தமிழறிஞர்களின் கூடுமிடமாயிற்று.

1971 ஆகஸ்டில் அதே பல்கலைக்கழக வளாகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு, மலேசியத் தேசியப் பண்பாடு இவ்வட்டாரத்து மண்ணின் மக்களின் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றும், பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம் என்றும், இஸ்லாம் அதன் முக்கியக் கூறு என்றும் மூன்று கோட்பாடுகளை வகுத்தது. இதன் விளைவாக இந்தியக் கலைகள் தடைசெய்யப்படவில்லை. ஆனால் அரசின் கலைநிதியும் தேசிய மேடைகளும் அவற்றுக்கு இயல்பான உரிமையாகக் கிடைக்கவில்லை. சமூகம் தன் சொந்த மண்டபத்தில் தன் சொந்தச் செலவில் கலையைக் காப்பது என்னும் பழைய பிரிக்பீல்ட்ஸ் முறை, தேவையால் புதிய வலிமை பெற்றது.

அவ்வலிமையின் நிறைவான வடிவம் 1981இல் கோலாலம்பூரில் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தரின் சீடரான சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால், நடனக் கலைஞர்களான கோபால் ஷெட்டி, ராதா ஷெட்டி, வி. கே. சிவதாஸ், வத்சலா சிவதாஸ் ஆகியோரைக் கொண்டு இது உருவாயிற்று. கலையை வழிபாடாகக் கருதி, மருத்துவரும் வழக்கறிஞரும் பொறியாளரும் மாலையில் வந்து ஒப்பனைக்கும் ஒளியமைப்புக்கும் துணி தைப்பதற்கும் உழைக்கும் தொண்டர் முறையை இது நிறுவியது. உண்டவர் தாம் விரும்பிய தொகையைக் கொடுத்துச் செல்லும் அன்னலட்சுமி உணவகம் இதன் துணை நிறுவனமாயிற்று. பரதநாட்டியமும் ஒடிசியும் கற்பித்ததோடு நில்லாமல், பல ஆடல் மரபுகளைக் கலந்து பெரிய நாட்டிய நாடகங்களை மேடையேற்றியதும், இராமாயணக் கதைகளோடு வெண்பாம்புப் பெண்ணைப் பற்றிய சீனப் பழங்கதையையும் எடுத்துக்கொண்டதும் இதன் தனித்தன்மை. கிராணிமாரின் சபா தன் ஊரை மலாயாவில் மீண்டும் காண முயன்றது. இந்நிறுவனமோ மலேசியாவிலேயே பிறந்த தலைமுறைக்கு உரிய மேடையைத் தேடியது. இவ்விரண்டிலும் பின்னதே துணிச்சலானது. 1983இல் ராம்லி இப்ராஹிம் தொடங்கிய சூத்ரா நடன அரங்கமும் இதே பத்தாண்டின் விளைவு. அடையாறு கே. லட்சுமணனிடம் பரதத்தையும் தேபபிரசாத் தாஸிடம் ஒடிசியையும் பயின்ற மலாய் முஸ்லிம் கலைஞரான அவர், இக்கலைகள் ஓர் இனத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதைத் தம் உடலாலேயே நிறுவிக்காட்டினார். இந்திய அரசு 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. சூத்ராவின் இருப்பிடம் நகரின் வடபுறம் தித்திவங்சாவில் உள்ளதாயினும், அதன் பார்வையாளர் பலர் பிரிக்பீல்ட்ஸின் அரங்குகளுக்கும் உரியவர்களே.

இதற்கிடையே வட்டாரத்தின் நிலம் கைமாறத் தொடங்கியது. பழைய ரயில் முற்றம் இருந்த பரப்பில் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் 2001இல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி அலுவலகக் கோபுரங்களும் ஓட்டல்களும் எழுந்தன. ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வீடுகள் இடிக்கப்பட்டன. அரசு நிலத்தில் அரசு கட்டிய வீடுகளைக் காக்கக் குடியிருந்தவர்களுக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. ஆனால் சந்தாவாலும் நன்கொடையாலும் எழுந்த கோயில், விகாரை, ஆசிரமம், சபா ஆகியவை சங்கங்களிடமும் அறங்காவலர்களிடமும் இருந்தமையால் நின்றன. இதனால் ஒரு வியப்பான நிலை ஏற்பட்டது: நடந்து வந்த பார்வையாளர்கள் பெட்டாலிங் ஜெயாவுக்கும் சுபாங் ஜெயாவுக்கும் கிள்ளானுக்கும் குடிபெயர்ந்தனர், அரங்குகள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. இன்று ஒரு நவராத்திரி இரவுக்கு வருவோர் ரயிலேறியோ, வாகனத்தை நிறுத்த இடம் தேடிச் சுற்றியோதான் வர வேண்டியுள்ளது.

இதே காலத்தில் தோட்டங்களும் மறைந்துகொண்டிருந்தன. சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாக மாறியதுபோல் தோட்டம் தோட்டமாக நகரியங்கள் எழ, கூத்து நடந்த திடல்கள் சாலைகளாயின. வெளியேறிய மக்கள் தம் அம்மன் கோயில்களையும் உறுமி மேளத்தையும் நகரத்துக்குக் கொண்டுவந்தனர். சபா மண்டபங்களில் இடம் பெறாத உறுமி மேளம், பத்துமலைத் தைப்பூசத்தில் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி இரதம் சென்றடையும் 272 படிகளின் அடியில், மலேசியத் தமிழ் இளைஞர்களின் தலைசிறந்த தாளக் கலையாக இன்று ஒலிக்கிறது. கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானா கடைத்தெருவும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நிரம்பும் சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் பிரிக்பீல்ட்ஸுக்கு இணையான மற்றொரு மையமாக வளர்ந்தமைக்கு இக்குடிபெயர்வும் ஒரு காரணம்.

2010 அக்டோபர் 27ஆம் நாள் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் பிரிக்பீல்ட்ஸில் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தனர். இந்திய அரசின் பண்பாட்டு மையம் ஒன்றும் அவ்வாண்டிலேயே தோன்றி, பின்னர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயரைப் பெற்றது. 2015 நவம்பரில் சாஞ்சித் தூபியின் வாயிலை ஒத்த தோரண வாயிலை நரேந்திர மோடி திறந்துவைத்தார். வண்ண வளைவுகளும் யானைச் சிலைகள் கொண்ட நீரூற்றும் சுற்றுலாப் பயணிகளை ஈர்த்தன, துணிக்கடைகளும் பூக்கடைகளும் பயனடைந்தன. ஆனால் அங்கே ஏற்கனவே இருந்த சபாவுக்கோ, விகாரைக்கோ, ஆசிரமத்துக்கோ அந்த அலங்காரத்தால் விளைந்த நன்மை சிறிதே. 2014இல் விவேகானந்த ஆசிரம நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டும் திட்டம் வெளிவந்தபோது இது தெளிவாயிற்று. எதிர்த்து எழுந்து கையெழுத்துத் திரட்டியவர்கள் முன்னாள் மாணவர்களும் வட்டாரத்துப் பொதுமக்களும். அவர்களின் வலியுறுத்தலுக்குப் பிறகே அக்கட்டடம் அரசின் மரபுடைமைப் பாதுகாப்பைப் பெற்றது.

மரபுடைமைச் சட்டம் சுவரையும் தூணையும் காக்கும். ஒரு கச்சேரி எந்த ஆண்டில் யார் செலவில் நடந்தது, எந்தக் குடும்பம் எந்தத் திருநாளின் உபயத்தை எத்தனை தலைமுறை ஏற்றது, எந்த ஆசிரியரிடம் யார் யார் கற்று அரங்கேறினர் என்பன சங்கங்களின் குறிப்பேடுகளிலும், அரங்கேற்ற மலர்களிலும், அழைப்பிதழ்களிலும், பழைய நாளிதழ்களின் நிகழ்ச்சி அறிவிப்புகளிலுமே பதிவாகியிருக்கின்றன. அவ்வழைப்பிதழ்களை அலமாரியில் பாதுகாத்த தலைமுறை முதுமையை எட்டிவிட்டது; வரவிருக்கும் நிகழ்ச்சிகளின் அறிவிப்புகளோ இப்போது கைப்பேசியில் வந்து, நிகழ்ச்சி முடிந்ததும் அழிக்கப்படுகின்றன. கந்தசுவாமி கோயிலும் சபாவும் ஆசிரமமும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸும் தத்தம் ஆவணங்களை ஒரே இடத்தில் தொகுக்க ஒப்புக்கொண்டால், சில கல் தொலைவிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை அதற்குப் பொருத்தமான இடமாக இருக்கும். தோட்டத்துக் கூத்துகளைக் கண்ணால் கண்ட முதியோரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் பணியும் அதனோடு சேர்ந்தே தொடங்கப்பட வேண்டும்.